முட்டுக்காடு உப்பங்கழியில் கயாக் ஓட்டிப் பறவை பார்க்க: முழுமையான வழிகாட்டி

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் கயாக்கை இறக்கி மேற்கே போவது யாருக்கும் வந்துவிடும். சிக்கல் எல்லாம் திரும்பி வருவதில்தான். முற்பகலில் கடற்காற்று எழும்பும். கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று நேரே முகத்தில் அடிக்கும், அதே நேரத்தில் வெயிலும் ஏறும், கையும் சோரும். பறவையைத் துரத்தி உள்ளே உள்ளே போய்விட்டு, எதிர்க்காற்றில் நெளிந்து நெளிந்து வருபவர்களை இங்கே வார இறுதி தோறும் பார்க்கலாம். ஆகவே கீழே சொல்லியிருக்கும் மாதம், திதி, நேரம், தூரம் எல்லாமே திரும்பும் நேரத்தை முதலில் வைத்துப் போட்ட கணக்கு.

நீரின் அமைப்பு

கோவளத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் நடுவே முகத்துவாரம் கடலில் திறக்கிறது. அங்கிருந்து மேற்கே வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையின் (ஈசிஆர்) பாலம். பாலத்தைத் தாண்டியதும் நீர் அகன்று விரியும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இங்கேதான் இருக்கிறது. இன்னும் மேற்கே வடக்கு தெற்காக ஓடும் பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும். தெற்கே, கோவளம் கேளம்பாக்கம் சாலையை ஒட்டி, உப்பளங்களும் முழங்கால் ஆழ நீர்ப்பரப்பும் கிடக்கின்றன. பறவைக் கூட்டம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

பள்ளிக்கரணைச் சதுப்பின் மிகைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கித் தெற்கே ஓடி வந்து இந்த முகத்துவாரத்தில்தான் கடலைத் தொடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோழிங்கநல்லூரில் கொட்டிய மழை மறுநாள் உங்கள் கயாக்குக்கு அடியில் ஓடும். அதோடு சாக்கடையும் ஆகாயத்தாமரையும் வரும். கனமழை ஓய்ந்து நீரின் பழுப்பு தெளியும்வரை, குறைந்தது ஒரு வாரம், இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் இப்படிப்பட்ட நீரில் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே ஏறிவிடும்.

முதல்முறை போகிறவர்கள் கோவளத்தில் நீர்விளையாட்டு நடத்துபவர்களிடம் வழிகாட்டியோடு கயாக் வாடகைக்கு எடுப்பதே சரி. சொந்தக் கயாக் வைத்திருப்பவர்கள் இறக்கும் இடத்தை முதல்நாளே நேரில் போய்க் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு வண்டிமேல் கயாக்கோடு போய் நின்று வாட்ச்மேனிடம் வாதாடினால் போவது உங்கள் நல்ல நேரம்தான்.

எந்த மாதம்

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை சிறந்த காலம். வலசைப் பறவைகள் இன்னும் இருக்கும், மழைநீர் வடிந்து நீர் தெளிந்திருக்கும், வெயில் பொறுக்கும். ஒரே குறை வாடைக்காற்று. ஜனவரியில் அது விடியும்போதே வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும். மேற்கே போகும்போது முதுகில் தள்ளும் அதே காற்று, திரும்பும்போது எதிரி. போகும்போது "நல்லா வேகமா வந்துட்டோமே" என்று தோன்றினால் உங்கள் திறமையைச் சந்தேகியுங்கள், காற்றைப் பாருங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை விடியலில் நீர் கண்ணாடியாகக் கிடக்கும். வலசைப் பறவைகளில் பாதிக்கு மேல் போயிருக்கும், ஆனால் புதிதாகத் துடுப்புப் பழக இதைவிட நல்ல காலை கிடையாது. ஒன்பது மணிக்குள் கரையேறிவிட வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை காலையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வரும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது உதவி என்பதால் துடுப்புக்கு இதுதான் பாதுகாப்பான அமைப்பு. ஆகஸ்டு கடைசியில் சேற்றில் மேயும் கரைப்பறவைகளான உள்ளான்கள் வரத் தொடங்கும். மாலையில் இடிமழை வழக்கம் என்பதால் பிற்பகலில் இறங்கவே கூடாது.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். இடையில் நல்ல காலைகள் வரும், ஆனால் அவற்றை நம்பி முன்கூட்டியே திட்டம் போட முடியாது.

காற்றின் வேகத்துக்கு முதல்நாள் இரவும் கிளம்பும் முன்பும் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையோ விண்டி செயலியையோ பாருங்கள். மணிக்கு 12 கிலோமீட்டருக்குள் என்றால் யாரும் போகலாம். 12 முதல் 18 வரை அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். 20-ஐத் தாண்டினால் கயாக்கை இறக்காதீர்கள். அந்தக் காற்றில் புதியவரின் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். நிறுத்தி மூச்சு வாங்கினால் வந்த தூரமும் போய்விடும். கடலோரமாகப் போக நினைப்பவர்கள் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல் அலை எச்சரிக்கையையும் பார்த்தே ஆகவேண்டும்.

எந்தத் திதி

சென்னைக் கடற்கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு சுமார் ஒரு மீட்டர். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

நாள்காட்டியை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சென்னைத் துறைமுகத்தில் காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில் ஏற்றம் உச்சத்தில் இருக்கும். அன்று ஆறு மணிக்கு இறங்கினால் ஏறும் நீர் உங்களை மேற்கே தள்ளும். ஒன்பதுக்கு மேல் திரும்பினால் வற்றம் கிழக்கே இழுக்கும். கையால் ஓட்டுபவனுக்கு இதைவிட வசதி வேண்டாம். ஆனால் சேறு முழுக்க நீருக்குள் இருக்கும், கரைப்பறவைகள் உப்பளங்களுக்குள் ஒதுங்கியிருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கதை தலைகீழ். காலை எட்டு, ஒன்பதுக்கு வற்றம். சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும், உள்ளான்கள் இறங்கி மேயும். கூடவே கயாக்கும் தரை தட்டும்.

எனவே முதல் பயணத்தைப் பௌர்ணமி ஒட்டியும், பறவைக்கென்றே போகும் பயணத்தை அஷ்டமி ஒட்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுக நேரத்தை அப்படியே முட்டுக்காட்டுக்குப் பொருத்தக் கூடாது. நீர் முகத்துவாரம் வழியாக நுழைந்து பரவ நேரம் பிடிக்கும். மணல் திட்டு வளர்ந்து முகத்துவாரம் குறுகியிருந்தால் தாமதம் இன்னும் கூடும், ஏற்ற உயரமும் குறையும். இறங்கும் முன் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, கயாக்கைத் தயார் செய்யும் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஏறுகிறதா, வற்றுகிறதா, நிற்கிறதா என்று அந்தக் குச்சியே சொல்லிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் கடல்மட்டமே ஆண்டின் மற்ற காலத்தைவிடத் தாழ்ந்திருக்கும். நவம்பரில் மிதந்து போன இடத்தில் மார்ச்சில் அடி உரசும்.

கயாக்கும் துடுப்பும்

இந்த நீருக்கு மேலே உட்காரும் வகை கயாக்தான் பொருத்தம். கவிழ்ந்தாலும் உள்ளே நீர் நிரம்பாது, நீருக்குள் இருந்தபடியே ஏறிவிடலாம். உள்ளே உட்காரும் வகை வேகமாகப் போகும், ஆனால் கவிழ்ந்தால் நீரை இறைக்காமல் நகராது. ஒருவருக்கு 10 முதல் 12 அடி நீளம் போதும். அதைவிடக் குட்டையானது ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கை இடமும் வலமும் ஆட்டும், நேராகப் போக ஆற்றல் வீணாகும். எடை தாங்கும் அளவு கயாக்கிலேயே எழுதியிருக்கும். உங்கள் எடை, தண்ணீர், பை எல்லாம் சேர்த்து அதில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. முழு எடை ஏற்றினால் மிதக்கும், ஆனால் வடிதுளைகள் வழியாக நீர் மேலேறி உட்காருமிடம் குளமாகும்.

வாடகைக் கயாக்கில் முதலில் பார்க்க வேண்டியது பின்முனையில் உள்ள வடிகால் மூடி. அது தளர்ந்தோ ரப்பர் வளையம் இல்லாமலோ இருந்தால் வெற்றுடலுக்குள் நீர் இறங்கும். வெளியே எதுவும் தெரியாது. அரைமணியில் கயாக் மந்தமாகும், ஒரு பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கும் நீரும் அதே பக்கம் ஓடிக் கவிழ்த்துவிடும். கையால் இறுக்கிப் பாருங்கள். கயாக்கைத் தூக்கி ஆட்டி உள்ளே நீர் சலசலக்கிறதா என்றும் கேளுங்கள்.

துடுப்பு 220 முதல் 240 சென்டிமீட்டர். அகலமான வாடகைக் கயாக்குகளுக்கு 230-க்குக் குறைந்தால் விளிம்பில் முட்டி விரல் தேயும். துடுப்பின் இரு முனைகளிலும் உள்ள தட்டையான அலகுகள் ஒரே தளத்தில் இருக்கும்படி பூட்டிக்கொள்ளுங்கள். கோணம் மாற்றி வைப்பது காற்றில் உதவும் என்றாலும், பழகாத மணிக்கட்டு வலியெடுக்கும். அலகில் மேல், கீழ் உண்டு. நீளமான விளிம்பு மேலே வர வேண்டும்.

உயிர்க்கவசத்தில் சமரசமே வேண்டாம். துடுப்புப் போட வசதியானது 50 நியூட்டன் மிதவை உள்ள, தோள்பகுதி திறந்த வகை. நீந்தத் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 100 நியூட்டன் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்குக் கால்களுக்கு இடையே போகும் பட்டை இருந்தாக வேண்டும். மாட்டி எல்லாப் பட்டையையும் இறுக்கியபின் வேறொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை வந்தால் அது உங்கள் அளவு இல்லை. பல வருடம் வெயிலில் காய்ந்து, அமுக்கினால் நொறுங்கும் நுரைக்கட்டை உள்ள கவசத்தை மறுத்துவிடுங்கள். விசில் ஒன்றை முன்பட்டையில் கட்டிக்கொள்ளுங்கள்.

கூட எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு, தொப்பி, முழுக்கைச் சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் ரப்பர் அடிச் செருப்பு, மூன்று மடிப்பு மடித்துப் பூட்டும் நீர்ப்புகாப் பை, அதற்குள் போன். ஆளிச் சிப்பி பாதத்தை பிளேடு மாதிரி கிழிக்கும் என்பதால் வெறுங்காலும் ஹவாய் செருப்பும் ஆகாது. ஹவாய் சேற்றில் ஒன்று மாட்டிக்கொண்டு இன்னொன்று மிதந்து போகும்.

தொலைநோக்கி 8×42 அல்லது 8×32. பத்து மடங்கு காட்டுவது கரையில் நன்றாக இருக்கும், ஆடும் கயாக்கில் பறவையோடு உங்கள் இதயத்துடிப்பும் சேர்ந்து தெரியும். கழுத்துப் பட்டையைக் குட்டையாக வைத்து, உயிர்க்கவசத்துக்கு மேலே தொங்கவிடுங்கள். கேமரா கொண்டுவருபவர்கள் 1/1600 நொடிக்கு மேல் வேகம் வைத்தால்தான் ஆட்டம் படத்தில் ஏறாது. எடுக்காத நேரத்தில் அது பைக்குள் இருக்கட்டும்.

இறங்குவதும் துடுப்புப் போடுவதும்

கயாக்கை முழங்கால் ஆழம்வரை நடத்திக் கொண்டுபோங்கள். நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தே நகருங்கள். மணலுக்கடியில் படுத்திருக்கும் திருக்கை மிதிபட்டால்தான் வாலை வீசும், கால் உரசும் அசைவு தெரிந்தால் விலகிப் போய்விடும். பின்புறத்தை முதலில் இருக்கையில் வைத்து, பிறகு கால்களை உள்ளே போடுங்கள். நின்றபடி ஒரு காலை உள்ளே வைத்து ஏறுவதுதான் கரையோரத்தில் எல்லோரும் கவிழும் முறை.

முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி பாதத்தாங்கியைச் சரிசெய்யுங்கள். அலகைப் பாதத்துக்குப் பக்கத்தில் முழுதும் மூழ்கவிட்டு, கயாக்கின் ஓரமாகவே பின்னுக்கு இழுத்து, இடுப்புக்கு வரும்போதே எடுத்துவிட வேண்டும். இடுப்பைத் தாண்டி இழுத்தால் நீரைத்தான் மேலே தூக்குகிறீர்கள், கயாக் நகராது. இழுப்பது கை இல்லை, வயிறும் முதுகும். ஒவ்வொரு இழுப்புக்கும் மார்பு இடமும் வலமும் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் முன்கை கல்லாகிவிடும். துடுப்பை இறுக்கிப் பிடிப்பதும் அதே வலியைத்தான் தரும்.

திரும்ப, வெளிப்பக்கம் முன்முனையிலிருந்து பின்முனைவரை அகல வளைத்துத் துடுப்புப் போடுங்கள். நிறுத்த, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் குட்டையாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். பக்கக் காற்று அடிக்கும்போது மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பும். அதைத் திருத்த எதிர்ப்பக்கம் பின்துடுப்புப் போட்டால் வேகம் செத்துவிடும். காற்று வரும் பக்கம் நாலைந்து அகலமான இழுப்புகள் போதும்.

விலகிப் போவதற்கு முன் கரையோரத்தில், மார்பளவு நீரில், ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து ஏறிப் பாருங்கள். முறை இதுதான். துடுப்பை விடக் கூடாது. கயாக் தலைகீழாக இருந்தால் அடிப்பாகத்தின் குறுக்கே கையை நீட்டி எதிர் விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்துப் புரட்டுங்கள். நடுப்பகுதியில் இரண்டு கையையும் வைத்து, உடம்பு நீர்மேல் மட்டமாகும்வரை காலை உதையுங்கள். செங்குத்தாகத் தொங்கியபடி ஏற முயன்றால் கயாக் உங்கள் மேலேயே மறுபடி கவிழும். மட்டமானதும் வயிற்றை குறுக்கே ஏற்றி, புரண்டு உட்கார்ந்து, கடைசியில் கால்களை எடுத்துப் போடுங்கள். இது வராதவர் வழிகாட்டி இல்லாமல் பாலத்திலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போகக் கூடாது.

போகும் வழி, திரும்பும் நேரம்

மொத்தம் மூன்று மணி நேரம் என்றால் போவதற்கு ஒரு மணி, பறவைக்கு அரைமணி, திரும்ப ஒன்றரை மணி. பறவைக்கு நின்று நின்று போகும் புதியவர் மணிக்கு இரண்டரை, மூன்று கிலோமீட்டர்தான் போவார். ஆக எல்லை மூன்று கிலோமீட்டருக்குள். போனில் ஏழு மணிக்கு அலாரம் வைத்து ஆறுக்கு இறங்குங்கள். அலாரம் அடிக்கும்போது எங்கே இருந்தாலும் அதுதான் கடைசி முனை. இன்னும் நூறு மீட்டரில் பூநாரை தெரிகிறது என்றாலும் அங்கேயே நின்று தொலைநோக்கியில் பாருங்கள்.

காலையில் மேற்கே போவதில் இன்னொரு லாபம், சூரியன் முதுகுக்குப் பின்னால். பறவையின் நிறம் முழுதாகத் தெரியும். திரும்பும்போது எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், ஆகவே பார்க்க வேண்டியதைப் போகும்போதே பார்த்துவிடுங்கள். படகுக் குழாமின் மோட்டார் படகுகள் ஓடத் தொடங்குமுன் அந்த அகன்ற பகுதியைக் கடந்துவிடுவது நல்லது. வேகப்படகின் அலை வந்தால் பக்கவாட்டில் வாங்காமல் மூக்கை அதை நோக்கித் திருப்பி, துடுப்பை நிறுத்தாமல் போடுங்கள். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு கத்துபவர்தான் கவிழ்வார்.

பாலத்துக்குக் கிழக்கே போகாதீர்கள், குறிப்பாக வற்றத்தில். அகன்று கிடந்த நீர் முழுவதும் தூண்களுக்கிடையே ஒடுங்கி முகத்துவாரத்துக்கு ஓடும் இடம் அது. எதிரே கடல் அலை வரும்போது நீர் அங்கே நட்டுக்குத்தாக எழும். பௌர்ணமி வற்றத்தில் திரும்பி வருபவர்கள் பாலத்துக்கு 300 மீட்டர் முன்பே இறங்கும் கரையை ஒட்டிவிட வேண்டும். நடுவில் இருந்தால் நீர் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். தவறித் தூணில் பக்கவாட்டில் மோதினால், மனம் விலகிச் சாயத்தான் சொல்லும். செய்யாதீர்கள். தூணை நோக்கியே உடம்பைச் சாய்த்து, கையால் தள்ளி நகருங்கள். விலகிச் சாய்ந்தால் வரும் நீர் விளிம்பில் ஏறிக் கவிழ்த்துவிடும். தூண்களில் அறுந்த வலையும் தூண்டில் நரம்பும் சுற்றிக் கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலையும் பிழைப்பும்

இந்த நீர் பலருக்குத் தொழிலிடம். வீச்சு வலை போடுபவர்கள், நிலை வலை கட்டியிருப்பவர்கள், மார்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் எல்லோரும் காலையில்தான் இருப்பார்கள். தெர்மக்கோல் துண்டோ காலி பாட்டிலோ வரிசையாக மிதந்தால் அதற்குக் கீழே வலை இருக்கிறது. கடக்காமல் வரிசையின் முனையைச் சுற்றிப் போங்கள். ஆள் இருந்தால் தள்ளியே நின்று, "அண்ணா, எந்தப் பக்கமா போகட்டும்?" என்று கேளுங்கள். கையைக் காட்டுவார். எங்கே ஆழம், எங்கே சேறு என்பதும் அவருக்குத்தான் தெரியும். வீச்சு வலைக்காரர் குனிந்து நீரையே பார்த்துக்கொண்டிருந்தால் மடவை மீன் கூட்டம் அருகில் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் துடுப்புச் சத்தம் அவருடைய காலைக் கூலியைக் கலைத்துவிடும். அவர் வீசி முடிக்கும்வரை நில்லுங்கள்.

பறவையை நெருங்குவது

நூறு மீட்டருக்கு முன்பே துடுப்பை நிறுத்தித் தொலைநோக்கியில் கூட்டத்தைப் பாருங்கள். நெருங்குவதாக இருந்தால் நேராக மூக்கை நீட்டிப் போகாமல், அவற்றைக் கடந்து போவதுபோல் சாய்வாகப் போங்கள். துடுப்பைத் தாழ்வாக, அலகு பளிச்சிடாமல் போட வேண்டும். தலைக்கு மேலே சுழலும் மஞ்சள் அலகு ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும். காற்று உங்களை நகர்த்தும் திசையைப் பார்த்து, கடைசி முப்பது மீட்டரை மிதந்தே போவது உத்தமம்.

மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். நடந்து விலகத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள். பறந்துவிட்டால் தவறு உங்களுடையது. கொக்கும் கூழைக்கடாவும் ஐம்பது மீட்டர்வரை பொறுக்கும். பூநாரைக்கு 150 மீட்டருக்குள் போகாதீர்கள். அவை எழும்ப ஓட வேண்டும், ஒருமுறை எழுந்தால் அன்றைய மேய்ச்சலே கெடும். மணல் திட்டில் ஓய்வெடுக்கும் ஆலாக் கூட்டத்தின் நடுவே படத்துக்காகக் கயாக்கை ஏற்றுவது அநியாயம். ஏப்ரலிலிருந்து உப்பள வரப்புகளில் நெடுங்கால் உள்ளானும், வெறும் மணலில் உப்புக்கொத்தியும் முட்டையிடும். முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும். அந்த மாதங்களில் அங்கே கரையேறவே வேண்டாம். தலைக்கு மேலே சுற்றிக் கத்திக்கொண்டே ஒரு பறவை வந்தால் கூடு பக்கத்தில் இருக்கிறது.

எதை எங்கே தேடலாம்? தூண்களிலும் மூங்கில் கழிகளிலும் இறக்கையை விரித்துக் காயவைப்பது நீர்க்காகம். கழிமேலிருந்து எழுந்து ஒரே இடத்தில் அடித்து நின்று செங்குத்தாக விழுவது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. அது கயாக்கைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால் புதியவர்களுக்கு முதல் விருந்து அதுதான். கறுப்புக் கால், மஞ்சள் விரல் என்றால் சின்னக் கொக்கு. அதே உருவம் கரும் சாம்பல் நிறத்தில், தொண்டை மட்டும் வெள்ளையாக இருந்தால் கரைக்கொக்கு. அது இறக்கையை விரித்துத் தள்ளாடியபடி ஓடி மீனை விரட்டும்.

சேற்றில் கவனம் அதிகம் வேண்டும். மிக நீண்ட இளஞ்சிவப்புக் கால் நெடுங்கால் உள்ளானுக்கு. சிவப்புக் கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை என்றால் பவளக்காலி. பச்சைக் கால், சற்றே மேல்நோக்கி வளைந்த அலகு பச்சைக்காலி. தையல் மிஷின் வேகத்தில் குத்திக்கொண்டு ஓடும் குட்டிப் பறவைகள் கொசு உள்ளான்கள். அவற்றுக்கிடையே ஓடி, நின்று, குத்தி, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி. நீரில் அலகைப் பக்கவாட்டில் வீசித் துழாவுவது கரண்டிவாயன், தலையைக் கவிழ்த்து வடிகட்டுவது பூநாரை. சாம்பல் நிறத்தில் நிற்கும் பூநாரையைக் கண்டு வேறு இனம் என்று குழம்ப வேண்டாம், அது இளம்பறவை.

வானத்தில் வெள்ளைத் தலை, செம்பழுப்பு உடல் என்றால் செம்பருந்து. குளிர்காலத்தில் மீனைத் தலை முன்னோக்கி இருக்கும்படி இரு காலாலும் பிடித்துக்கொண்டு போகும் பெரிய கழுகு தெரிந்தால் அது விராலடிப்பான். சேற்றோரத்தில் தத்திப்போகும் உளுவை மீன்களையும், ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டும் சிறு நண்டுகளையும் பார்க்க மறக்காதீர்கள். பத்து நிமிடம் அசையாமல் மிதந்தால் அவை வளையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும்.

தவறு நடந்தால்

தரை தட்டினால் இறங்காதீர்கள். இங்குள்ள சேறு முழங்கால்வரை இழுக்கும், காலைப் பிடுங்கினால் மற்ற கால் இன்னும் ஆழமாகப் போகும். எடையைப் பின்னுக்குத் தள்ளி முன்முனையைத் தூக்கி, துடுப்பால் வந்த வழியே தள்ளுங்கள். வற்றத்தில் தட்டினால் உடனே செய்யுங்கள், ஐந்து நிமிடம் யோசித்தால் நீர் போய்விடும். இறங்கியே ஆகவேண்டும் என்றால் கயாக்கின்மேல் வயிற்றால் படுத்து எடையைப் பரப்பிக்கொண்டு நகருங்கள்.

திருக்கையோ கெளுத்தியின் முள்ளோ குத்தினால், பொறுக்கும் அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் மூழ்கவைத்தால் வலி குறையும். முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சிப்பிக் கீறலை நல்ல தண்ணீரில் கழுவி, டிடி ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். தலைவலி, குமட்டல், வியர்வை நின்றுபோதல் என்றால் வெப்பத் தாக்கு. அருகிலுள்ள கரையில் ஏற்றி, நிழலில் படுக்கவைத்து உடம்பை நனையுங்கள், 108-ஐ அழையுங்கள். நீரில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படை 1554. கிளம்பும் முன் கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது இந்த மூன்று எண்ணையும்விடப் பயன்படும்.

மற்ற நீர்நிலைகள்

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பூநாரைக்கு முட்டுக்காட்டைவிட நூறு மடங்கு சிறந்தது. ஆனால் அது பறவைகள் சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் நீரில் இறங்கக் கூடாது. பரந்து கிடக்கும் நீரில் காற்று தடையே இல்லாமல் வரும், ஆழம் குறைவென்பதால் குட்டையான முரட்டு அலை எழும். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்க்கவசம் இல்லாத சுற்றுலாப் படகில் ஏற யார் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை அங்குள்ள மீனவர்கள் பாடு முறையில் முறைவைத்துப் பங்கிட்டிருக்கிறார்கள். அந்த இடங்களுக்குள் நுழைவது அடுத்தவர் வயலில் மிதிப்பதற்குச் சமம். கரையிலிருந்து பார்ப்பதே அங்கே போதுமான விருந்து.

எண்ணூரில் கயாக் வேண்டாம். அனல்மின் நிலையங்களின் சாம்பலும் வெந்நீரும் ஒருபுறம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெய் மறுபுறம். கோவளத்தின் திறந்த கடலில் கயாக் ஓட்டுவது தனிக்கலை. அலை உடையும் பகுதியைத் தாண்டத் தெரிந்தவரோடு மட்டும் போகலாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை மூச்சுவிட மேலே வந்தால் துடுப்பை நிறுத்திவிடுங்கள், பின்தொடராதீர்கள்.

கரையேறியபின்

கயாக்கையும் துடுப்பு இணைப்பையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு காய்ந்தால் துடுப்பின் பூட்டு அடுத்தமுறை கழலாது. தொலைநோக்கியை முதலில் தண்ணீரால் நனைத்து உப்பைக் கரைத்தபின்தான் துணியால் துடைக்க வேண்டும், நேரே துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும். நீர்புகா வகை இல்லை என்றால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். உயிர்க்கவசத்தை நிழலில் உலர்த்துங்கள்.

பறவைப் பட்டியலை ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் அன்றே ஏற்றுங்கள். போன தூரம், நேரம் இரண்டையும் போட்டு, எண்ணிக்கை தெரியாத இடத்தில் தோராயமாகவேனும் ஓர் எண் எழுதுங்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சாலையோரப் பட்டியல்கள் நிறைய வரும். நீரின் நடுவிலிருந்து எடுத்த பட்டியல்கள் குறைவு, ஆகவே கயாக்கில் எடுத்தது என்று குறிப்புப் பகுதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.